இத்தா அறையில் இருந்த கணினி

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். கலங்கிக் கிடக்கும் எதையும் வரிசையில் வைத்தால் பாதியாவது தெளியும் என்பது நான் படித்த படிப்பு எனக்குத் தந்த நம்பிக்கை.

1. கடல் ஊருக்குள் வந்தது. மாமா மூழ்கி மௌத்தானார். அவருடைய ஒரே மகனை, என் மச்சானை, காணவில்லை.
2. மாமி எங்கள் வீட்டுப் பின்னறையில், கணவனை இழந்தவர்களுக்கான இத்தா இருந்தார்.
3. அதே அறையில் மச்சானின் பழைய கணினியும் இருந்தது.
4. கரண்ட் போய்த் திரும்பி வரும்போதெல்லாம் அது தானாக எழும்பியது.
5. காக்கா, என் அண்ணன், அதற்குப் புதிய சாமான்கள் போட்டுத் திருத்தினார். மூளை அவருடையது, கை என்னுடையது.
6. அதன் பிறகு அது தானாக எழும்பவில்லை.
7. ஒரு நாள் எழும்பியது.

இன்று இந்த ஏழுக்கும் என்னிடம் காரணம் இருக்கிறது. அன்று எனக்கு ஒன்பது வயது. ஒன்றுக்கும் இருக்கவில்லை.

எங்கள் வீடு கல்முனைக்குத் தெற்கே, பெரிய வீதிக்கு மேற்குப் பக்கம். மாமாவின் வீடு வீதிக்குக் கிழக்கே, கடற்கரைக்குக் கிட்ட. கறி ஆறும் முன் கொண்டுபோய்க் கொடுக்கக்கூடிய தூரம். அன்று தண்ணீர் வீதிவரை வந்து நின்றது. கிழக்குப் பக்கத்தில் அத்திவாரங்கள் மிஞ்சின. மாமியை ஒரு மாமரக் கவட்டில் கண்டெடுத்தார்கள். தண்ணீர் அவரை அங்கே செருகிவிட்டுப் போயிருந்தது. மாமாவின் மையத்து மறுநாள் கிடைத்தது. மச்சான் கிடைக்கவில்லை.

கணினி தப்பியதற்குக் காரணமும் மாமிதான். மச்சானும் என் காக்காவும் ஒரே வயது, ஒரே வகுப்பு. சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்தவுடன் இருவரும் அந்தக் கணினியின் முன் குடியேறிவிட்டார்கள். மாமி பொறுத்துப் பார்த்தார், பிறகு சுவர் சுவிட்சை நிறுத்திப் பார்த்தார், கடைசியில், "இந்தச் சனியன உன்ட மச்சான்ட வீட்டுக்கே கொண்டு போ, அங்க ரெண்டு பேரும் சேர்ந்து கண்ண அவிச்சுக்கங்க" என்று கத்தினார். மச்சான் அதைத் தலையணை கட்டிய சைக்கிள் கரியரில் வைத்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். இதெல்லாம் கடல் வருவதற்கு முந்திய வாரம்.

மச்சானுக்கும் காக்காவுக்கும் பெரிய திட்டம் ஒன்று இருந்தது. பஸாரில் வாங்கிய கார் ஓட்டப் பந்தய விளையாட்டு ஒன்று அந்தக் கணினியில் ஓட மறுத்தது. கார் நடு வீதியில் உறைந்து நிற்கும். பிறகு திடீரென்று மதிலுக்குள் பாதி புதைந்தபடி தோன்றும். அதைச் சரிப்படுத்தப் புதுக் கணினி வாங்க வழியில்லை. ஆகவே, பழையதை வைத்துக்கொண்டே இன்னொரு நினைவகத் தட்டு, யாராவது கழற்றி விற்கும் கிராபிக்ஸ் காட், கொஞ்சம் பலமான பவர் சப்ளை என்று ஒவ்வொன்றாகத் தேடிப் போடுவதாக இருந்தது. கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியைத் திறப்பதாக ஏற்பாடு. மச்சான் விடியவே புறப்பட்டாராம். "இடியப்பம் அவிஞ்சிட்டு, திண்டுட்டுப் போ" என்று மாமி மறித்தாராம். இதை மாமி ஒரே ஒரு முறைதான் சொன்னார்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்ல வேண்டும். அந்த வருடம்தான் இருவருக்கும் குரல் உடைந்திருந்தது. உடைந்த குரல்கள் இரண்டும் ஒன்றேபோல் அமைந்துவிட்டன. தொலைபேசியில் மாமியே பல தடவை ஏமாந்திருக்கிறார். விளையாட்டு ருசியாக இருக்கும் அந்திகளில் காக்காதான் மாமி வீட்டுக்கு எடுத்து, "உம்மா, கொஞ்சம் பிந்தும்" என்பார். மாமி, "சரி, பாத்து வா மனே" என்று வைத்துவிடுவார். மச்சான் பக்கத்தில் தலையணையை வாயில் அமுக்கிக்கொண்டு சிரிப்பார். எனக்கு இந்தத் தந்திரம் தெரியும். சொல்லாதிருக்க எனக்கு டொபி கிடைத்தது.

மாமாவை அடக்கிய பிறகு மாமி இத்தாவுக்கு எங்கள் பின்னறையில் உட்கார்ந்தார். நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுப்பு. அந்நிய ஆண் முகம் பார்க்க முடியாது. கணவனின் சகோதரி மகன் என்றாலும் காக்காவும் அந்தக் கணக்கில் அந்நியன்தான். நேற்றுவரை மாமியின் சட்டியில் கைவிட்டுத் தின்ற பிள்ளை இன்று கதவுத் திரைக்கு வெளியே நிற்க வேண்டியதாயிற்று. அறைக்குள் போய்வர உம்மாவுக்கும் எனக்கும் மட்டும் உரிமை இருந்தது.

வீட்டில் மற்ற அறைகளில் எல்லாம் உறவினர்களும் நிவாரண மூட்டைகளும் நிறைந்திருந்ததால் கணினியை வைக்க வேறு இடமில்லை. உம்மா வழக்கப்படி அலுமாரிக் கண்ணாடியைத் துணியால் மூடினார். பிறகு யோசித்துவிட்டு கணினித் திரைக்கு மேலும் ஒரு துவாயைப் போட்டார். அணைந்திருக்கும் திரையிலும் முகம் தெரியும் அல்லவா.

முதல் தடவை அது எழும்பியபோது நான் மாமிக்குத் தேத்தண்ணி கொண்டு போயிருந்தேன். அந்தி, மஹ்ரிப் தொழுகை நேரம். கரண்ட் போய்க் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. ஒலிபெருக்கி இல்லாமல் பாங்கு சொல்லும் மோதினாரின் வெறும் குரல் எங்கோ மெல்லியதாகக் கேட்டது. மாமி தொழுகைப் பாயில் இருந்தார். இருட்டில் அவருடைய வெள்ளை மட்டும் தெரிந்தது. திடீரென்று கரண்ட் வந்தது. அறை பல்புக்கு முந்தி மூலையில் "டொங்" என்று ஒரு சத்தம். உள்ளே ஏதோ சுழன்றது, பல்லைக் கடிப்பதுபோல் கறகறத்தது. துவாய்க்குப் பின்னால் நீல வெளிச்சம் பரவி, துவாயின் நூல்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

கணினியை ஒருவரும் தொடவில்லை.

மாமி பதறவில்லை. தலையை மட்டும் அந்தப் பக்கம் திருப்பி, பாடசாலை விட்டு வரும் பிள்ளையிடம் கேட்பதுபோல், "வந்திட்டியா மனே?" என்றார்.

நான் தேத்தண்ணியைக் கீழே வைப்பதற்குள் கதவுத் திரைக்கு வெளியே காக்காவின் குரல் கேட்டது.

"தங்கச்சி, அது எழும்பிட்டு என்னா? மௌஸப் பிடிச்சு கீழ்மூலைக்குப் போ. நான் செல்லச் செல்ல அமத்து. சுவர் சுவிட்சத் தொட்டிராத, உள்ள இரிக்கிற டிஸ்க் பழுதாப் போயிரும்."

மாமி கதவுத் திரையைப் பார்த்தார். "ஆரது?"

"நான்தான் மாமி."

மாமி பாயின் ஓரத்துக்கு நகர்ந்தார். பிறகு, "கதையன் மனே. ஏன் சும்மா நிக்கிறாய்?" என்றார்.

அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. கடல் மின்கம்பங்களையும் பிடுங்கிப் போயிருந்ததால் கரண்ட் நினைத்தபடி போகும், நினைத்தபடி வரும். வந்த கையோடு பின்னறையில் அது எழும்பும். காக்கா எங்கிருந்தாலும் ஓடிவந்து திரைக்கு வெளியே நிற்பார். நான் உள்ளே போய் அவர் சொல்வதுபோல் அணைப்பேன். மாமி அவரிடம் ஏதாவது கேட்பார். பாடசாலை திறந்தாச்சா, அகதி முகாமில் ஆர் ஆர் இரிக்காங்க, தலைமயிர் வெட்டினாயா. மாமி அழுவதில்லை. அதுதான் உம்மாவுக்குப் பயமாக இருந்தது.

உம்மா ஓதி ஊதிய தண்ணீர் வாங்கிவந்து அறையின் நாலு மூலைக்கும் தெளித்தார். "உம்மா, கொம்பியூட்டருக்கு மட்டும் தெளிச்சிராதீங்க, சோட்டாகிரும்" என்று காக்கா வெளியிலிருந்து கத்தினார். "அது ஏற்கெனவே சோட்டாகித்தான் இரிக்கி" என்றார் உம்மா. அன்றிரவு வாப்பாவிடம் அதை வீட்டைவிட்டு எடுக்கச் சொன்னார். இந்தப் பொம்புள புள்ளைய நினைச்சு நினைச்சு விசராகிருவா, ஊரும் கதைக்கத் தொடங்கிட்டு என்றார். மாமி உள்ளிருந்து, "அது போனா நானும் போறன்" என்றார். இத்தாவில் இருப்பவர் எங்கே போவது? வீடும் இல்லை. ஆனாலும் அவர் சொன்ன விதத்தைக் கேட்டு வாப்பா அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

காக்காதான் வழி சொன்னார். இது பேயுமில்லை, ஜின்னுமில்லை, பவர் சப்ளையில் உள்ள பழுது, நானும் மச்சானும் நினைத்திருந்தபடி சாமான் மாற்றினால் தன்பாட்டில் எழும்பாது என்றார்.

"மௌத்து வீட்டில உனக்கு விளையாட்டுக் கேக்குதா?" என்றார் உம்மா.

"செய்யட்டும்" என்றார் மாமி, கதவுத் திரைக்கு உள்ளேயிருந்து. "அவன் செய்ய இருந்த வேலதானே."

கொழும்புக்குப் போய்ச் சாமான் வாங்குகிற காலமா அது? வழியெல்லாம் சோதனைச் சாவடி. எங்கள் பக்கத்திலேயே எந்த நாளில் ஹர்த்தால் என்று தெரியாது. காக்கா சைக்கிளில் கல்முனைப் பஸாருக்குப் போனார். கடல் புகுந்த கணினிக் கடை ஒன்றில், தண்ணீர் குடித்த சாமான்களைக் கடைக்காரர் ஒரு மீன் பெட்டியில் போட்டு வைத்திருந்தாராம். ஓடினால் உன் நஸீபு, ஓடாவிட்டால் திருப்பிக் கொண்டுவராதே என்ற ஒப்பந்தத்தில் காக்கா ஒரு கிராபிக்ஸ் காட், ஒரு நினைவகத் தட்டு, ஒரு பவர் சப்ளை மூன்றையும் கொண்டுவந்தார். கிராபிக்ஸ் காட்டின் பொன்னிறப் பற்களுக்கிடையில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. விசிறியில் கடல்மணல் சிக்கியிருந்தது.

உம்மா அதை வாசற்படி தாண்ட விடவில்லை. அந்நாட்களில் ஊரில் ஒருவரும் மீன்கூடத் தின்னவில்லை. கடல் தொட்டதெல்லாம் அருவருப்பாகவும் அச்சமாகவும் இருந்தது. மாமி என்னிடம், "அதக் கொண்டா பாப்பம்" என்றார். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கிராபிக்ஸ் காட்டை மூக்குக்குக் கிட்ட வைத்து முகர்ந்தார். நீண்ட நேரம் முகர்ந்தார். பிறகு திருப்பித் தந்துவிட்டார்.

கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டிருந்தது. பவுசர் லொறியில் வரும் குடிநீரில் கழுவப்போய் காக்கா உம்மாவிடம் ஏச்சு வாங்கினார். கராஜில் வாகன பற்றறிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீர் ஒரு போத்தல் கேட்டு வாங்கிவந்து, பழைய பல்துலக்கும் தூரிகையால் உப்பைத் தேய்த்து எடுத்தோம். கூரைத் தகட்டில் வெயிலில் காயவைத்தோம். காகம் எடுத்துப் போகாமல் நான் காவல் இருந்தேன்.

காய்ந்த பிறகு தொடங்கியது என் முதல் தொழிற்பயிற்சி. காக்கா அறைக்குள் வர முடியாது. கணினி வெளியே போவதை மாமி விரும்பவில்லை. ஆகவே பெட்டியை நான் திறந்தேன். காக்கா திரைக்கு வெளியே கதிரை போட்டு உட்கார்ந்து, பார்க்காமலே எனக்குச் சொல்லித் தந்தார்.

"உள்ள பச்ச வீதி மாதிரி ஒரு பலகை தெரியுதா?"

"ஓம்."

"அதில நீட்டுக் கடை மாதிரி ரெண்டு வரிசை இரிக்கி. ஒண்டில தட்டு இரிக்கி, மற்றது சும்மா கிடக்கி. அதுக்குள்ள புதுசச் செருகு. ரெண்டு பக்கமும் டிக் எண்டு கேக்கோணும்."

"கேக்கல்ல காக்கா."

"அப்ப பொறத்தால திருப்பிப் பிடிச்சிருக்காய். இஞ்சினியரம்மா, அவசரப்படாத."

டிக் என்று கேட்டது. திரைக்கு வெளியே கைதட்டல் கேட்டது. மாமியின் முகத்தில் அன்றுதான் ஒரு சிரிப்பின் ஓரத்தைப் பார்த்தேன். அவர் பாயை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் கழற்றும் ஆணிகளைத் தன் உள்ளங்கையில் வாங்கி வைத்திருந்தார்.

எல்லாம் பொருத்திய பிறகு கணினித் திரையில் ஒன்றுமே வரவில்லை. காக்கா மறுபடி பஸாருக்குப் போய்க் கேட்டு வந்தார். பலகையில் வெள்ளிக் காசுபோல ஒரு சின்ன பற்றறி இருக்கும், அதைக் கழற்றிக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும் என்று கடைக்காரர் சொன்னாராம். நகத்தால் நெம்பி எடுத்து மாமியின் கையில் வைத்தேன்.

மாமி அதைத் திருப்பிப் பார்த்தார். "இதுக்குள்ள என்ன இரிக்கி?"

"நேரம் இரிக்கி மாமி" என்றது கதவுத் திரை. "கொம்பியூட்டர் நிண்டிரிக்கிற நேரமும் இதுதான் எல்லாத்தையும் ஞாபகம் வெச்சிரிக்கும்."

"அப்ப கழட்டினா?"

"மறந்துபோகும். பறவால்ல, மறுகா நாம செல்லிக் குடுக்கலாம்."

மாமி விரல்களை மூடிக்கொண்டார். காக்கா போடச் சொன்னபோது, அவர் கையை நான்தான் விரித்து எடுக்க வேண்டியிருந்தது. பற்றறி சூடாக இருந்தது.

கணினி ஓடியது. ஆனால் அதன் முன்பக்கத்துப் பொத்தான் எப்போதோ உடைந்துபோயிருந்தது. மச்சான் காலத்தில் சுவர் சுவிட்சைப் போட்டால் அது தானாகத் தொடங்கும். இப்போது சுவிட்சைப் போட்டாலும் அசையவில்லை. பவர் சப்ளை மாற்றியதால்தான் அப்படி என்று காக்கா உம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். பிறகு வாசல் மணி அடிக்கும் பொத்தான் ஒன்று வாங்கி நீண்ட வயர் வைத்துத் தந்தார். அதை நான் பலகையில் அவர் சொன்ன இரண்டு கம்பிகளில் மாட்டினேன். பொத்தான் மேசை ஓரத்தில் வயரோடு தொங்கியது. வீட்டுக்கு வந்த ஆளைப்போல அதை அமத்தினால் கணினி எழும்பும்.

விளையாட்டு வழுக்கிக்கொண்டு ஓடியது. திருத்தியவருக்கு மட்டும் அதை விளையாடக் கொடுத்துவைக்கவில்லை. நான் ஓட்டினேன். அவர் வெளியே இருந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டே, "இப்ப வளைவு வருது, விடு, விடு, எங்கயோ கொண்டு மோதிட்டாய்" என்று தலையில் அடித்துக்கொண்டார். மாமி எனக்குப் பக்கத்தில் இருந்து, முடிவில்லாமல் வரும் அந்த வெறும் வீதியைப் பார்த்தார்.

"இதத்தானா அவன் விளையாட இருந்த?"

"ஓம் மாமி."

"வீதியில ஒரு சனமும் இல்லயே" என்றார்.

அன்று மஹ்ரிபுக்குக் கரண்ட் போய் வந்தது. பல்பு எரிந்தது. மின்விசிறி சுழன்றது. மூலையில் சத்தம் இல்லை. துவாய் துவாயாகவே இருந்தது. உம்மா நடுவறையில் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். மாமி திரும்பிய தலையைத் திருப்பியபடியே வைத்திருந்தார்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். அணைக்க வேண்டியதில்லை என்பதால் காக்கா திரைக்கு வர வேண்டியதும் இல்லாமல் போயிற்று. எனக்குச் சொல்லித்தர இனி ஒன்றும் இல்லை. விளையாட முடியாத விளையாட்டை எத்தனை நாள் காதால் கேட்பது? பாடசாலையும் திறந்தது. அவர் அந்திகளில் மைதானத்துக்குப் போகத் தொடங்கினார்.

மாமியின் சோறு தொட்டபடியே திரும்பி வரத் தொடங்கியது. முதலில் பாதி, பிறகு முழுத் தட்டும். உம்மா ஊட்டிப் பார்த்தார். சேலைன் ஏற்ற வேண்டும் என்றார்கள். ஒரு நாள் மாமி என்னைக் கிட்ட அழைத்து, "அவன் இப்ப வாறல்லயா மகள்?" என்று கேட்டார். "எழும்பாது மாமி, நாங்க அதத் திருத்திட்டம்" என்றேன். நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு வந்த ஒரு வெள்ளிக்கிழமை அந்தி. மழைக்கோலத்தால் காக்கா மைதானத்துக்குப் போகவில்லை. நடுவறையில் விளக்கைச் சுற்றி நானும் அவரும் உம்மாவும் இருந்தோம். கரண்ட் வந்தது. விளக்கை ஊதி அணைக்க உம்மா குனிந்தார்.

பின்னறையில் "டொங்" என்றது.

உம்மா குனிந்தபடி நின்றார். நான் காக்காவைப் பார்த்தேன். இதுவரை அது எழும்பிய எந்த நாளிலும் காக்கா பயந்ததில்லை. ஓடத்தான் செய்வார். அன்று முகத்தில் இரத்தமே இல்லை. "நீ ஏதும் மாத்தினாயா?" என்று உதடு மட்டும் அசைந்தது. நான் தலையாட்டி மறுத்தேன். நான் அவருக்குப் பக்கத்தில்தானே இருந்தேன்.

அவர் திரைக்கு வெளியே போய் நின்றார். நான் திரையின் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். துவாய்க்குப் பின்னால் நீல வெளிச்சம். மாமி பாயில் இருந்தார், வழக்கமான இடத்தில், மேசைக்குத் தூரத்தில். மூச்சு மேலும் கீழும் வாங்கியது. மேசை ஓரத்தில் அந்த மணிப் பொத்தான் வயரோடு ஆடிக்கொண்டிருந்தது. இங்குமங்கும், மெல்ல மெல்ல. அது நிற்கும்வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஜன்னல் சாத்தியிருந்தது. வந்தது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

"சாப்பிட்டியா மனே?" என்றார் மாமி.

கூரையில் மழை தொடங்கியது.

"மனே?"

"ஓம் உம்மா" என்றது திரை.

காக்கா பயத்தில் தடுமாறிவிட்டார் என்று நினைத்தேன். "காக்கா, மாமி எண்டு செல்லுங்க" என்றேன். மாமி என்னை இழுத்து மடியில் அமர்த்தி வாயைப் பொத்தினார். அவர் கை குளிர்ந்திருந்தது. விரல்களில் உப்பு மணத்தது.

"என்ன கறி?"

"பருப்பு உம்மா."

"கடல் மீன் தின்னாத மனே."

"தின்னல்ல உம்மா."

கறகறவென்று கணினி தனக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தது. அந்தக் குரல் காக்காவுடையதுதான். அவர் வெளியே நிற்பதை நான் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ஆனாலும் திரையைத் தூக்கி இன்னொரு தடவை பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. பாதங்கள் மட்டும் திரைக்குக் கீழே தெரிந்தன. அவற்றைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

"வரப் பிந்துமா?" என்று கேட்டார் மாமி.

கூரையில் மழை கனத்தது.

"கொஞ்சம் பிந்தும் உம்மா."

"சரி" என்றார் மாமி. "பாத்து வா."

வாயைப் பொத்தியிருந்த கை தளர்ந்தது. அன்று இரவு மாமி சோறு கேட்டு வாங்கித் தின்றார். நான் கணினியை அணைத்துவிட்டு வெளியே வந்தபோது காக்கா முற்றத்தில் மழையில் நின்றார். ஏன் நனைகிறாய் என்று உம்மா கேட்கவில்லை.

பிறகும் சில அந்திகளில் அது எழும்பியது. காக்கா மைதானத்தை விட்டுவிட்டார். இத்தா முடிந்த நாளில் உம்மா மாமியைக் குளிக்க வார்த்து, வேறு நிற உடுப்பு உடுத்தி, கதவுத் திரையைக் கழற்றினார். மாமி நடுவறைக்கு வந்தார். அங்கே காக்கா நின்றார். மாமி அவர் முகத்தை, ஒரு பொருளை வைத்த இடத்தில் தேடுவதுபோல், ஒவ்வொரு பகுதியாகப் பார்த்தார். பிறகு தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, "வளந்திட்டீங்க மருமகன்" என்றார். மனே என்று சொல்லவில்லை. காக்காவும், "ஓம் மாமி" என்றார்.

அதோடு எல்லாம் முடிந்துவிட்டதாக நினைத்தேன். கணினி நடுவறைக்கு வந்தது. காக்கா அந்த விளையாட்டை ஒரே ஒரு தடவை ஓட்டினார். முதல் வளைவிலேயே நிறுத்திவிட்டு எழுந்தார். பிறகு அதில் நான்தான் குடியிருந்தேன். அது என்னைப் பல்கலைக்கழகம்வரை கொண்டுபோயிற்று.

அங்கே இரண்டாம் வருடத்தில், கணினியின் அடிப்படை அமைப்புகள் பற்றிய பாடம் ஒன்றில், மின்சாரம் துண்டிக்கப்பட்டுத் திரும்பும்போது கணினி தானாக எழும்ப வேண்டுமா, வேண்டாமா என்று தீர்மானிக்கும் ஒரு வரி திரையில் வந்தது. எழும்ப வேண்டும் என்பதை யாராவது தெரிவு செய்தால்தான் எழும்பும். உடைந்த பொத்தானுக்கு மாற்றாக மச்சான் அதைத் தெரிவு செய்திருக்கிறார். மாமியின் கைக்குள் சூடேறிய அந்தச் சின்ன பற்றறி அதை ஞாபகம் வைத்திருந்தது. கழற்றியபோது மறந்துவிட்டது. மறுபடி சொல்லிக்கொடுக்க எங்களுக்குத் தெரியவில்லை. ஆடிக்கொண்டிருந்த பொத்தானுக்கும் பாயில் இருந்து மூச்சு வாங்கியவருக்கும் இடையில் எத்தனை அடி என்பதையும் அன்று விரிவுரை மண்டபத்தில் இருந்துதான் யோசித்துப் பார்த்தேன்.

காக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன். சுவர் சுவிட்சை நிறுத்தினால் டிஸ்க் பழுதாகும் என்றீர்களே, அது பொய்தானே என்று கேட்டேன். "பொய்தான்" என்றார். "அது எழும்பினா அவன் கூப்பிட்ட மாதிரி இரிக்கும். எனக்கும் வேணுமா இரிந்த." பிறகு, கடைசியில் எழும்பியதைப் பற்றி அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கணினிக்குள் ஏதோ வந்துபோவதாகவும், மாமி அதைத்தான் காத்திருந்தார் என்றும் ஒன்பது வயதில் நம்பியிருந்தேன். துவாயையே பார்த்துக்கொண்டிருந்ததால், மாமியின் முகம் கதவுத் திரையின் பக்கம் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

யுத்தம் முடிந்த வருடம் காக்கா வேலைக்காகக் கட்டாருக்குப் போனார். விடுமுறையில் வந்து நிற்கும் நாட்களில் மாமியும் அவரும் அதிகம் கதைப்பதில்லை. அங்கிருந்து எடுக்கும்போது முகம் தெரிகிற அழைப்பாகத்தான் எடுப்பார். மாமி கையை நீட்டி, "படத்த நிப்பாட்டிட்டுத் தா மகள்" என்பார். நான் நிறுத்திவிட்டுக் கொடுப்பேன். மாமி பின்னறைக்குள் போய்விடுவார். அவர் என்ன கேட்கிறார், காக்கா என்ன சொல்கிறார் என்று நான் நின்று கேட்பதில்லை.

கணினி அலுமாரிக்கு மேலே துவாய் போட்டபடி இருக்கிறது. மாமி எங்களோடு இருக்கிறார். மச்சானை இன்னும் காணவில்லை.